வாயில்லாத நாய்

உரிமை கேட்டுப் போன ஊர்வலத்தில் போலீஸ் நாய் ஒபடையா ப்ரூயிட்டை ஒரே ஒரு முறைதான் கடித்தது; ஒரு வருடத்துக்குள் அவன் இடது தொடையில் இருபது கடிகள் இருந்தன. முதல் கடியில் ரத்தம் சிவப்பாகத்தான் வந்தது. மற்றவற்றில் ஊதா, எலுமிச்சை மஞ்சள், ரோஜா என்று வந்தது. நாய் அவனைக் கடிக்கும்போது எடுத்து, பத்திரிகையில் வெளியான ஊர்வலப் படத்தை, நியூயார்க்கில் ப்ராக் என்ற வெள்ளைக்கார ஓவியர் எந்த மையில் அச்சடித்தாரோ அந்த நிறம்; அச்சான தாள் ஒன்றுக்குக் கடி ஒன்று. எங்கள் அலபாமாத் தெருவில் யாரும் அசந்துபோகவில்லை. முடிவெட்டும் கடையில், "என்ன ஒபடையா, இன்னைக்கு என்ன கலரு?" என்பார்கள். "பச்சைடா. உன் மாமியாளோட சர்ச் தொப்பிக்கு எடுப்பா இருக்கும், கொஞ்சம் புடிச்சுத் தரவா?" என்பான். ஏப்ரலில் அவனால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. இன்னும் பத்துக் கடி தாங்காது என்றார் டாக்டர்.

அவன் மனைவி வெர்னெல் வறுத்த கோழியைச் செருப்புப் பெட்டியில் கட்டிக்கொண்டு நியூயார்க்குக்குப் பஸ் ஏறினாள். வழியில் எந்தக் கடையும் கறுப்பர்களான எங்களை உள்ளே விடாது. ப்ராக் கெட்டவர் இல்லை, தொல்லையே அதுதான். படத்தைப் பார்த்து அழுதுவிட்டுத்தான் அச்சடித்தார்.

"நான் உங்க பக்கம்தாம்மா. உலகம் பாக்க வேண்டாமா?"

"பத்தொம்பது தடவ பாத்துடுச்சே சார், இன்னுமா புரியல?"

மொத்தம் ஐம்பது பிரதி என்று ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று, குறைத்தால் வாக்குத் தவறிவிடும் என்றார். வெர்னெல் பேரம் பேசினாள்: முப்பத்தொன்றையும் அடித்துக்கொள்ளட்டும், மை வடிந்து அச்சாகும் துணித்திரையில் ஓர் இடத்தை மட்டும் அவள் அடைத்துக்கொள்வாள். அவர் பசையும் தூரிகையும் கொடுத்தார். மை இறங்காமலிருக்கப் பூசுகிற பசை. பதற்றத்தில் கை முதலில் திரையிலிருந்த கணவனின் தொடைக்குத்தான் போனது. பூசினால் காலே போய்விடும் என்று உறைத்ததும் தூரிகையைப் பின்னுக்கு இழுத்தாள். விரலளவு நகர்ந்து, நாயின் வாயை அடைத்தாள்.

முப்பத்தொரு தாள் அச்சாயின. ஒபடையாவுக்குப் புதுக் கடி ஒன்றும் விழவில்லை. பழைய இருபதும் தங்கள் நிறத்திலேயே தழும்பாயின. எங்கள் ஊர் போலீஸ் நாய்க்கொட்டடியில் அன்று காலை அந்த நாய்க்கு வாய் இல்லை. மூக்குக்குக் கீழே வழவழவென்று ரோமம்தான். போலீஸ்காரர்கள் இரண்டு நாள் வாயைத் தேடிப் பார்த்துவிட்டு, வாயுள்ள வேறொன்றை வாங்கினார்கள்.

அடுத்த ஊர்வலத்தன்று ஒபடையா கைத்தடியை எடுத்தான்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் வெர்னெல்.

"வலது கால் சும்மாத்தானே கெடக்கு."

அவள் கதவைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தாள்.