காலி ஊசி

எங்கள் மேனேஜர் கோபால் சார் வாய் கூசாமல் சொன்னார். "மருந்து ஒழுங்கா அடிச்சிருக்க மாட்டீங்க. வெள்ளை ஈ ஏறிடுச்சி. வெதை மேல பழி போடாதீங்க."

எதிரில் நின்றவர் சோழவரம் தணிகைவேல். எங்கள் கம்பெனி வெண்டையை விதைத்து, தோட்டம் மொத்தத்தையும் மஞ்சள் நரம்பு நோய்க்குப் பறிகொடுத்தவர். பிடுங்கிய செடிகளைக் கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆபீஸ் வரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதைதான் தோற்றது என்று கோபால் சாருக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவளே நான்தான்.

அவர் தோட்டத்து இலையை நானே போய் வாங்கிவந்தேன். அதிலிருந்த வைரஸின் மரபணுவை முழுசாக நகலெடுத்து, பாக்டீரியாவில் ஏற்றி, எங்கள் விதையில் முளைத்த செடிகளுக்கு ஊசி போட்டேன். மஞ்சளாகிவிட்டன. பிறகு அதே நகலில் ஒரே ஒரு மரபணு எழுத்தை, எங்கள் விதை தாங்கிவந்த பழைய வைரஸில் இருந்தபடி மாற்றிப் போட்டேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓர் எழுத்து மாறியதில்தான் எங்கள் விதையின் எதிர்ப்பு உடைந்திருக்கிறது. இனி அதை நோய் தாங்கும் விதை என்று விற்பது பச்சைப் பொய்.

ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸே இல்லாத பாக்டீரியாவை மட்டும் ஒரு தட்டுச் செடிகளுக்குப் போடுவோம். எங்கள் லேபில் அதற்குக் 'காலி' என்று பெயர். தண்ணீர் ஊற்றும் திலகவதி அக்காவுக்கும் தெரியட்டும் என்று குச்சியில் தமிழிலேயே எழுதி நட்டுவைப்பேன்.

இத்தனையும் சொன்ன பிறகு கோபால் சார் என்ன செய்தார்? கேமராக்காரரைக் கூட்டிவந்து, "எது நல்லா பச்சையா இருக்கோ, அதை எடுங்க" என்றார். அந்தப் படம்தான் இப்போது புதுப் பாக்கெட்டில். கீழே, 'வைரஸ் ஊசி போட்டும் வாடாத செடி'. உள்ளே அதே பழைய விதை. என் உழைப்பை எடுத்து என் முகத்திலேயே கரி பூசிவிட்டார்.

அந்தப் பாக்கெட்டுகளைத்தான் தணிகைவேல் கையில் திணித்தார். "இது புது ரகம். சும்மாவே வெச்சிக்கோங்க. இந்த வாரமே வெதைச்சிடுங்க."

தணிகைவேல் பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, எல வாங்கினு போன பொண்ணுதானே நீ? இந்தக் குச்சில காலின்னு எய்திகீதே, இன்னா அது?"

"கிறிஸ்டினா, உள்ள வேலை இருக்குல்ல, போ" என்றார் கோபால் சார்.

நான் நகரவில்லை. வேலை போனால் போய்த் தொலையட்டும். இந்த மனிதர் அதே விதையை மறுபடியும் போட்டு அழியக்கூடாது.

"அது வைரஸ் இல்லாத காலி ஊசி போட்ட செடிண்ணா. உங்க தோட்டத்து வைரஸ் போட்டதெல்லாம் அங்க மாதிரியே மஞ்சளாயிடுச்சி. பாக்கெட்டுதான் புதுசு, வெதை பழசு. வெதைக்காதீங்க."

தணிகைவேல் கோபால் சார் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"செடிக்கு காலி ஊசி. வைரஸ் ஊசிய எங்களுக்குக் குத்திக்கினு கீறீங்க. அப்படித்தானே சார்?"

கோபால் சார் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். தணிகைவேல் அவற்றை மேசைமேல் போட்டார். ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இத வெதைக்க எடுத்துனு போவல. ஊர்ல காட்ட."