அறிக்கை அக்கா எழுதிய வரி

கட்சி அலுவலகத்தில் அவளுக்கு அறிக்கை அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடங்களாகத் தேர்தல் அறிக்கையை எழுதியது அவள்தான். வீடில்லாத எல்லோருக்கும் வீடு என்பது அதில் முதல் வரி. தலைவர்கள் மாறினார்கள், அந்த வரி மாறவில்லை.

கட்சி மூன்றாவது முறையும் தோற்றபின் செயலாளர் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் வீட்டையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று மூலைக்கு மூலை பேசியே போட்டிக் கட்சி ஆலைத் தொழிலாளர் தெருக்களின் ஓட்டுகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. நாமும் அதைத் தொட்டுப் பேசாவிட்டால் ஜனங்கள் காது கொடுக்க மாட்டார்கள் என்றார் அவர்.

"அவங்க பேசுறதையே நாமளும் பேசினா, நாம எதுக்குத் தம்பி?"

"அவங்க சொன்னா அது வெறுப்பு, அக்கா. நாம சொன்னா ஒழுங்குமுறை. ஒரே ஒரு வரி. நீங்க எழுதலைன்னா வேற ஆள் எழுதுவான், இன்னும் கரடுமுரடா."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் அவள் விழுந்தாள். அவள் மகளைக் கட்டிய மருமகன் பத்து வயதில் எல்லை தாண்டி வந்தவன். பஸ் பணிமனையில் மெக்கானிக். தேர்தல் வந்தால் லீவு போட்டுவிட்டுக் கட்சிக் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டுவான். அவனை நினைத்தே வார்த்தைகளை இழைத்து எழுதினாள்: அரசு குடியிருப்புகளில் இங்கே பிறந்தவர்களுக்கு முன்னுரிமை. முன்னுரிமைதானே, யாரையும் வெளியே போகச் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பத்தே நாளில் போட்டிக் கட்சி இன்னொரு படி ஏறி, இங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் என்று சுவரொட்டி ஒட்டியது. அச்சகத்திலிருந்து வந்த அறிக்கையைப் பிரித்தபோது, அவள் வரியிலும் 'முன்னுரிமை' போய் 'மட்டும்' உட்கார்ந்திருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. கட்சி ஜெயித்தது. வெற்றிக் கூட்டத்துக்கும் மருமகன்தான் மைக் கட்டினான்.

எட்டாவது மாதம், மருமகன் பேரில் ஒதுக்கிய அரசு குடியிருப்பில் இருந்த மகள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அவள் செயலாளரிடம் ஓடினாள். அவர் உட்காரவைத்து, அந்த ஒரு வீட்டுக்கு விலக்குக் கொடுக்கும்படி அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்தார். அதே கட்டடத்தில் நோட்டீஸ் வாங்கிய மற்றப் பதினோரு குடும்பங்களைப் பற்றிக் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடிதத்தை மருமகன் இரண்டு தடவை படித்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எதிர்வீட்டுக்காரரும் நானும் ஒரே வருஷம் வந்தோம், அத்தை. அவர் சாமான் இறக்கும்போது நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்காரணுமா?"

அந்த வரியை முதலில் எழுதியது தான்தான் என்று அவள் சொன்னாள். அடுப்படியிலிருந்து வந்த மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"தெரியும்மா. அறிக்கை வந்த அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தோம்."

அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அவள் கட்சியிலிருந்து விலகினாள். அடுத்த அறிக்கையை வேறு யாரோ எழுதினார்கள். மாதம் ஒருமுறை பஸ் ஏறி மகளைப் பார்க்கப் போகிறாள். மருமகன் நிறுத்தத்துக்கே வந்து பையை வாங்கிக்கொள்கிறான். சாப்பாடு போடுகிறார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். செய்தி தொடங்கினால் மகள் எழுந்து டிவியை அணைத்துவிடுகிறாள். தங்கிவிட்டுப் போ என்று யாரும் சொல்வதில்லை. அவளும் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறாள்.