பின்னால் காலடிச் சத்தம்

"அந்த ஆள் ஏன்க்கா திரும்பித் திரும்பிப் பாக்கிறான்? பின்னாடிதான் யாருமே இல்லையே?"

தம்பி கேட்டது அக்காவிடம். ஆனால் தியேட்டரே திரும்பிப் பார்த்தது.

அவனுக்கு அப்போது ஏழு வயது. முந்தைய வருடம் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவனுக்கே தெரியாது. படமோ மூச்சு விட்டால்கூடக் கேட்கும் கட்டத்தில் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் "உஷ்" என்றார். இன்னொருவர், "பிள்ளைய அடக்கத் தெரியாதவங்க வீட்டிலேயே இருக்கலாமே?" என்றார். பதினோரு வயது அக்காவுக்கு மானம் போயிற்று. அவன் உதட்டில் விரலை வைத்து அழுத்தினாள். திரை வெளிச்சத்தில் அவன் பார்க்கும்படி வாயை அசைத்தாள்.

"ஒன்னுமில்ல. அப்புறம் சொல்றேன்."

அது உளவாளிப் படம். மற்றவர்களின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதிவைக்கும் குமாஸ்தா ஒருவன், தன்னையும் யாரோ கவனிக்கிறார்கள் என்று சந்தேகப்பட ஆரம்பிக்கிறான். பின்தொடர்கிறவனைப் படம் முழுக்க ஒரு தடவைகூடக் காட்ட மாட்டார்கள். வெறும் காலடிச் சத்தம்தான். இவன் நின்றால் அதுவும் நிற்கும்; இவன் நடந்தால் அதுவும் நடக்கும். ஊரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை கண்டதெல்லாம் காலித் தெருவில் ஒரு மனிதன் காரணமில்லாமல் கழுத்தைத் திருப்புவதை மட்டும்தான். கொஞ்ச நேரம் நாற்காலிக் கட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதிர்வு ஏதாவது வருகிறதா என்று தேடுவது காய்ச்சலுக்குப் பிறகு வந்த பழக்கம். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. அவள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, மறந்துபோனாள். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். சாப்பிடும்போது அப்பா ஏதோ சொல்ல, அம்மாவும் மாமாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து "என்ன? என்ன?" என்பான். "ஒன்னுமில்லடா கண்ணு, அப்புறம் சொல்றேன்." பாசத்துக்குக் குறைவில்லை. பொறுமைக்குத்தான் பஞ்சம். சின்னக் கருணை என்பது பெரும்பாலும் நின்று சொல்லும் அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடம் யாரிடமும் இருக்கவில்லை.

வருடங்கள் ஓடின. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். தம்பி ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தான். அங்கே இருக்கும் இரைச்சலில் காதுள்ளவர்களும் சைகையில்தான் பேசினார்கள். அதனால் அவனுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் தனியாகக் குடியிருந்தான். அக்கா பழைய படங்களைச் சுத்தம் செய்து டிஸ்க்காக வெளியிடும் ஒரு சிறிய கம்பெனியில், படத்தின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தயாரிப்பவள். ஞாயிறு தவறாமல் தம்பியைப் போய்ப் பார்ப்பாள்.

அதற்கும் ஒரு முடிவு வந்தது. ஒரு ஞாயிறு படி ஏறும்போது கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா அவளை நிறுத்தினாள்.

"உங்க தம்பி தங்கமான ஆளு. ஆனா டி.வி.ய வைக்கிற வைப்புல என் வீட்டுச் சுவத்துல சுண்ணாம்பு உதிருது. அவருக்குத்தான் கேக்காதே, எதுக்கு அவ்வளவு சத்தம்? தனியாவே இருந்து இருந்து..." என்று சொல்லி நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டினாள். "...கழண்டுடுச்சோன்னு பயமா இருக்கும்மா."

டி.வி. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் அவன் படம் பார்ப்பான் என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர்கள் முன்னால் வரும் அந்த அசட்டுச் சிரிப்பைச் சிரித்துவைத்தாள். நிமிர்ந்தபோது மேல்படியில் தம்பி நின்றிருந்தான். விரல் திருகியதையும் பார்த்திருந்தான், அவள் சிரித்ததையும் பார்த்திருந்தான்.

"என்ன சொல்றாங்க?"

"ஒன்னுமில்லடா. அப்புறம் சொல்றேன்."

நாற்பது வயது முகம் ஏழு வயதுக்குத் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்தாள். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு திறக்கவில்லை. மணியை அழுத்தினால் அவன் அறைக்குள் ஒரு விளக்கு மின்னும். அதன் வயரைப் பிடுங்கிவிட்டான். சாவித் துவாரத்தில் காகிதம் ஒட்டினான். ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பினான். 'என்னை ஆஸ்பத்திரியில் தள்ளப் பேசிவைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். வராதே.' அவள் அனுப்பியதையெல்லாம் படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. காலையும் மாலையும் கும்பிடும்போது அவள் வாயில் வேறு வேண்டுதலே வரவில்லை. அந்தத் தாழ்ப்பாளை மட்டும் நகர்த்திக் கொடு என்றுதான் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பழைய உளவாளிப் படம் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. கோடுகளைத் துடைத்து, கரகரப்பை நீக்கி, நடிகரின் பேட்டியெல்லாம் சேர்த்துப் பெரிய வெளியீடாகச் செய்வதாக முதலாளி குதித்துக்கொண்டிருந்தார்.

"பேச்சுக்கு மட்டும் எழுத்து போட்டா போதும்மா."

"சார், இந்தப் படத்துல பாதி நேரம் யாரும் பேசவே மாட்டாங்க. காலடிச் சத்தம், போன்ல ஒரு 'க்ளிக்', பக்கத்து ரூம்ல தண்ணி சொட்டுறது. அதெல்லாம் எழுதலைன்னா காது கேக்காதவங்களுக்கு என்ன படம் இது?"

"அவங்க எத்தனை பேரு வாங்கப் போறாங்க? நீங்க ஒவ்வொரு செருப்புக்கும் எழுதிட்டிருந்தீங்கன்னா என் பேரன் கல்யாணத்துக்குத்தான் இது வெளிய வரும்."

"உங்களுக்கே இன்னும் கல்யாணம் ஆகலையே சார்," என்றார் மூலையில் இருந்த ஒலிக்காரர்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்!"

ஒலிக்காரருக்கு அலுவலகத்தில் பாம்புச்செவி என்று பெயர். அடுத்த தெருவில் சில்லறை விழுந்தால் எந்தக் காசு என்று சொல்வார் என்பது கேலி. முதலாளி போனதும் நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். "தேதி தள்ளாம முடிச்சா அவர் பாக்கவே மாட்டாரு. சாப்பாட்டு நேரத்துல நாம செய்வோம். ஆமா, யாருக்காக இது?"

"தம்பிக்கு."

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விடுவதும் ஒரு உதவிதான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு இருவரும் ஒரு கையில் சோற்றுடப்பாவும் காதில் ஹெட்ஃபோனுமாக உட்கார்ந்தார்கள். முதல் காலடிச் சத்தத்துக்கு அவள் 'பயமூட்டும் காலடிச் சத்தம்' என்று எழுதினாள்.

"பயம் எங்கம்மா இருக்கு அதுல?" என்றார் பாம்புச்செவி. "தோல் செருப்பு, ஈரத் தரை, அவசரமில்லாத நடை. அவ்வளவுதான் கேக்குது. பயம் நம்மகிட்ட இருக்கு. அதையும் நாமளே எழுதிக் குடுத்துட்டா, பாக்கிறவர் என்னத்தப் பாப்பாரு?"

அடித்துவிட்டு எழுதினாள். 'பின்னால் காலடிச் சத்தம். அவன் நின்றதும் அதுவும் நிற்கிறது.'

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தியேட்டரில் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தம்பிக்கு ஒரு செய்தி தட்டினாள். சமாதானம் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. படத்துக்கு எழுதுவதுபோல எழுதினாள்.

'படியில் வீட்டுக்காரம்மா சொன்னது: உங்க தம்பி தங்கமான ஆளு. டி.வி. சத்தத்தில் சுண்ணாம்பு உதிர்கிறது. தனியாக இருந்து கழண்டுவிட்டதோ என்று பயம். அப்போது விரலைத் திருகினாள். நான் எதுவும் சொல்லவில்லை. சிரித்தேன். ஆஸ்பத்திரி என்ற பேச்சு வரவில்லை.'

'சிரித்தேன்' என்ற சொல்லை இரண்டு முறை அழித்தாள், இரண்டு முறை திரும்ப எழுதினாள். படித்ததற்கு அடையாளம் உடனே வந்தது. அவள் இறங்கும் நிறுத்தம் வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

டிஸ்க் வெளியானபோது முதலாளி அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். பேட்டி கொடுத்தவர் பெயர், துடைத்தவர்கள் பெயர் எல்லாம் இருந்தன. எழுத்து போட்டவள் பெயர் போடும் வழக்கம் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. ஏற்கெனவே ஊரெல்லாம் தன்னைக் கவனிப்பதாக நினைப்பவன் கையில் இப்படி ஒரு படத்தைக் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலையாகிவிட்டால்?

"கதவைத் திறக்க மாட்டேங்கிறவன், ஜன்னலுக்கும் ஆணி அடிச்சுட்டான்னா?" என்று பாம்புச்செவியிடம் கேட்டாள்.

"தெரியாதும்மா. ஆனா அவர்கிட்ட எல்லாரும் மறைச்சு மறைச்சுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கு? சொல்லிப் பாக்கிறது ஒன்னுதான் பாக்கி."

பெட்டியோடு கதவிடுக்கில் போகாது என்பதால் டிஸ்க்கை மட்டும் ஒரு காகித உறையில் போட்டுச் சனிக்கிழமை மாலை கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்தாள். பாதி போனதும் சிக்கியது. உள்ளேயிருந்து யாரோ இழுத்ததுபோல மீதி வழுக்கிக்கொண்டு போனது. அவள் பிரமையாகவும் இருக்கலாம்.

மறுநாள் மதியம் கால்கள் தாமாகவே அங்கே கொண்டுபோய் விட்டன. தெருவில் ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. பாதிப் படி ஏறும்போதே கேட்டது. ஈரத் தெரு. தூரத்தில் ஒரு ரயில். தோல் செருப்பு.

முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது படம். கதவுக்கு வெளியே நின்றாள். எந்த நொடியில் எந்த வரி வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். இப்போது 'போனில் க்ளிக் என்ற ஒலி'. இப்போது 'பக்கத்து அறையில் தண்ணீர் சொட்டுகிறது'. இப்போது குமாஸ்தா திரும்பிப் பார்க்கிறான். ஏன் பார்க்கிறான் என்று இன்று திரையில் எழுதியிருக்கிறது. அவள் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்?

கடைசிக் காட்சி வந்தது. விளக்கணைத்த அறையில் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறான். காலடிச் சத்தம் படியேறி வருகிறது. கதவருகே நிற்கிறது. வெகுநேரம் அப்படியே நிற்கிறது. பிறகு மெல்ல இறங்கிப் போகிறது. அத்தோடு படம் முடிந்துவிடும்.

இசை ஓய்ந்தது. அவள் கைப்பையில் போன் அதிர்ந்தது.

'கடைசியில் வந்தது யார்?'

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் சொல். அதுவும் கேள்வி. வீட்டுக்குப் போய் நிதானமாக, நல்லபடியாக எழுதலாம் என்று தோன்றியது. அப்புறம்.

அந்தச் சொல் மனதில் வந்ததும் திடுக்கிட்டாள். கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஒருவன் வீட்டு வாசலில் அவனுக்குத் தெரியாமல் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள் யார்? அவன் பயந்ததில் ஒன்று உண்மை. யாரோ வெளியேதான் நிற்கிறார்கள்.

மேல்படியில் உட்கார்ந்து எழுதினாள்.

'படத்தில் வந்தது யாரென்று தெரியாது. கடைசிவரை சொல்ல மாட்டார்கள். உன் கதவுக்கு வெளியே இருப்பது நான். அரைமணி நேரமாக இருக்கிறேன். ஒட்டுக்கேட்டது தப்பு. நீ சின்ன வயதில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லாததும் தப்பு.'

அனுப்பினாள். படித்த அடையாளம் வந்தது. உள்ளே டி.வி. நின்றது.

கதவின் அடியிடுக்கில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. சற்று நேரத்தில் அந்தக் கோட்டில் இரண்டு இடத்தில் இருட்டு விழுந்தது. இரண்டு பாதங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டன. தாழ்ப்பாள் அசையவில்லை.

அவளும் எழுந்து கதவருகே போனாள். கூப்பிட்டால் கேட்காது. மணிக்கு வயர் இல்லை. இன்னொரு செய்தி எழுதவும் மனம் வரவில்லை. உள்ளங்கையைக் கதவின் மரத்தில் வைத்தாள். தியேட்டர் நாற்காலிக் கட்டையில் தேடித் தேடி மடங்கிய சின்னக் கை நினைவுக்கு வந்தது. அன்று அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்து, காலடி விழும்போதெல்லாம் தட்டிக் காட்டியிருந்தால் போதும். இருட்டில் பேசியிருக்கவே வேண்டாம்.

தட்டினாள். கதவைத் திறக்கச் சொல்லும் தட்டு அல்ல. தோல் செருப்பு, ஈரத் தரை, அவசரமில்லாத நடை. ஒரு தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு. அந்தக் குமாஸ்தா நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கும் நேரம்வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி அந்த நடையைத் தட்டினாள்.

அந்தப் பக்கத்தில் மரத்தின்மேல் ஒரு கை இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. படிக்கட்டு காலியாக இருந்தது. இடுக்கில் விழுந்த நிழல் நகரவில்லை. அவள் முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள்.