மூன்று கைத் தண்ணீர்

என் மாமியார் சண்முகசுந்தரி காபி குடிப்பதை டிக்கெட் போட்டுக் காட்டலாம். தம்ளரை உதட்டுக்கு நாலு விரல் மேலே தூக்கி, தலையை அண்ணாந்து, ஒரு சொட்டு தாடையில் வழியாமல் கடகடவென்று ஊற்றிக்கொள்வார். எத்தனை சூடாக இருந்தாலும் சரி. தம்ளர் விளிம்பில் உதடு பட்டுவிட்டால் அது எச்சில். எச்சில் பட்ட எதுவும் அடுக்களைக்குள் வரக் கூடாது. திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டில் மற்ற விதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் வாய் வைத்துக் குடிக்கிற வீட்டிலிருந்து போனவள். நாங்களும் சைவர்கள்தான், எங்கள் வீட்டிலும் தேவாரம் பாடுவார்கள். ஆனால் காபியை ரசித்து உறிஞ்சிக் குடிப்போம். கல்யாணமான புதிதில் நான் அப்படிக் குடிப்பதைப் பார்த்து அத்தை முகம் சுளித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாக்கடையில் விழுந்து எழுந்த எதையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். அன்றிலிருந்து என் தம்ளருக்குப் புறவாசலில் தனி இடம்.

அந்த வீட்டில்தான் என் மகள் ஆதிரை பிறந்தாள். பச்சைப் பிள்ளைக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது.

ஐந்தாவது மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நாங்குநேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடிந்ததும் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பகலில் பிள்ளையை அத்தை பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பாலைப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அத்தை காதைப் பொத்திக்கொண்டார்.

"சிவசிவா! சாமிக்கு அபிஷேகம் பண்ணுத பால் இருக்க எடத்துல மாரு பாலயா வைப்பே? தயிரெல்லாம் என்னத்துக்கு ஆகும்?"

என் மார்பில் ஊறுகிற பால் அவருக்கு அருவருப்பு. அதைத்தான் அவருடைய பேத்தி ஐந்து மாதமாகக் குடித்து வளர்ந்திருந்தாள். என் கணவர் பாலசுப்பிரமணியன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பவுடர் பாலே குடுத்திரலாம் வேணி, எதுக்கு வம்பு" என்றார். அவருக்கு எல்லாமே வம்புதான்.

முதலில் பால் புகட்டுகிற பாலாடைதான் வாங்கினேன். ஸ்டீலில் நீள மூக்கோடு, கழுவச் சுலபமாக இருந்தது. ஒத்திகைக்கு அத்தை கையில் கொடுத்தேன். பாலாடை பிள்ளையின் உதட்டில் பட்டால் எச்சிலாகிவிடுமே! நாலு விரல் மேலே தூக்கிப் பிடித்து ஊற்றினார். பால் பிள்ளையின் மூக்கில் போய், அவள் முகம் சிவந்து, மூச்சு முட்டிக் கத்திவிட்டாள். பிடுங்கி எறிந்துவிட்டு அன்று மாலையே பாட்டில் வாங்கக் கிளம்பினேன்.

தெற்கு பஜாரில் மதார் பாயின் மருந்துக்கடையில் பாட்டில்களுக்கே ஒரு தனி அலமாரி இருந்தது. யானை முக மூடி போட்டது, கைப்பிடி வைத்தது, உள்ளே குழாய் போட்டது, வாய் குறுகி வளைந்தது என்று விதவிதமாக நின்றன.

"இந்தப் படம், குழாய் எல்லாம் அம்மாமாரு கண்ணுக்குத்தாம்மா. பிள்ளைக்கு இல்ல," என்றார் பாய். "குழாய் போட்டதுல அழுக்கு சேந்தா ஆண்டவனாலயும் எடுக்க முடியாது. வாய் அகலமா, கண்ணாடியில வாங்குங்க. கொதிக்க வைக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்."

அதையே வாங்கினேன். நிப்பிளின் துவாரம் பிள்ளையின் வயதுக்குச் சரியா என்று பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஓடக் கூடாது. ஒரு பிரஷ், கொதிக்க வைக்க மூடி போட்ட ஒரு பாத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அத்தையை உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மூடி, வளையம், நிப்பிள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். நிப்பிளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தேய்க்க வேண்டும். பிறகு கொதிக்க வைக்க வேண்டும். மிச்சப் பாலை வைத்திருந்து கொடுக்கவே கூடாது.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ரப்பர் பிள்ள வாயில கெடந்து ஊறுமா?"

"ஆமா அத்தை."

"அப்ப அது எச்சில்லா! அடுக்களைக்குள்ள வேண்டாம். புறவாசல்ல வச்சு நான் சுத்தம் பண்ணிக்கிடுதேன். நீ பைய வேலையப் பாத்துட்டு வா."

புறவாசலில் வைத்துக் கொதிக்க வைப்பார் என்று நினைத்தேன். பழைய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று அங்கே கிடந்தது. நானும் நம்பி, பஸ் ஏறிவிட்டேன்.

தினமும் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன். "பாட்டில சுத்தம் பண்ணியாச்சா அத்தை?"

"ஆச்சுட்டி. ஒவ்வொரு மட்டமும் சுத்தம் பண்ணிட்டுதான் குடுக்கேன்."

எட்டிப் பார்த்தால் புறவாசல் ஜன்னல் கட்டையில் பாட்டில் பளபளவென்று ஈரத்தோடு நிற்கும். மூடியும் இருக்கும். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் நானே பால் கொடுத்துவிடுவதால் அந்தப் பாட்டிலை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும் என்றார் அத்தை. பிறகு வாந்தி. எதிர்வீட்டுக்காரி கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார். திருநீறு பூசினார். ஆதிரையின் கன்னம் ஒட்டத் தொடங்கியது. பக்கத்துத் தெரு டாக்டர் கொடுத்த மருந்துக்கு இரண்டு நாள் நிற்கும், மறுபடியும் போகும். தண்ணீரில் கோளாறோ, பவுடரில் கோளாறோ என்று டப்பாவைக்கூட மாற்றினேன்.

மார்கழியில் விடாமல் மழை பிடித்தது. ஒரு நாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விடுமுறை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொக்கிரகுளம் பாலத்தில் டவுன் பஸ் ஊர்ந்தது. கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் குப்பையும் கட்டையுமாகப் போய்க்கொண்டிருந்தது. நனைந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை புறவாசலில் நின்றிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது.

அவர் கையில் பாட்டில் இருந்தது. வெறும் கையால் பிடிக்கவில்லை. பழைய வேட்டியில் கிழித்த துணியைச் சுற்றி, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி, இரண்டு விரலால் பிடித்திருந்தார். வளையத்தைத் திருகி மிச்சப் பாலை அங்கணக் குழியில் கவிழ்த்தார். வளையத்தைத் திரும்ப இறுக்கினார். செம்பிலிருந்து கையில் தண்ணீர் அள்ளி பாட்டிலின் மேல் தெளித்தார். ஒன்று. "சிவசிவ." இரண்டு. "சிவசிவ." மூன்று. துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது.

"அத்தை, என்ன செய்யுதீய?"

திரும்பினார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "பாத்தா தெரியலியா? சுத்தம் பண்ணுதேன்."

சுத்தம் பண்ணுவது என்றால் அவருக்குத் தீட்டுக் கழிப்பது. எனக்கு அழுக்கைப் போக்குவது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் நான் கேட்டிருக்கிறேன், அவரும் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள்கூட அவர் பொய் சொல்லவில்லை.

பாட்டிலின் வளையத்தைத் திருகி எடுத்து, அதிலிருந்து நிப்பிளை இழுத்தேன். வரவில்லை. பால் காய்ந்து பசை போலப் பிடித்திருந்தது. பல்லைக் கடித்து இழுத்ததும் கழன்றது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? புளித்த மாவும் வாந்தியும் ஈரச் சாக்கும் சேர்ந்த நாற்றம். மரையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. நிப்பிளை உள்பக்கமாகத் திருப்பினேன். மஞ்சளாகத் திரிந்த பால் கட்டி அடையாக ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பச்சைப் பூசணம். விரல் பட்டதும் வழவழவென்று நூலாக இழுத்தது. துவாரத்தில் ஒரு செத்த எறும்பு. இதன் வழியாகத்தான் என் பிள்ளை பால் உறிஞ்சியிருக்கிறாள். பசித்து, கையைக் காலை உதைத்து, இதைத்தான் சப்பியிருக்கிறாள்.

அங்கணத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன். அத்தை இரண்டடி பின்னால் நகர்ந்தார், சேலையில் தெறித்துவிடக் கூடாது என்று.

நான் வாங்கிக் கொடுத்த மூடி போட்ட பாத்திரம் அங்கேயே இருந்தது. அதில் சோப்புப் பவுடர் கொட்டி வைத்திருந்தார்.

அன்று மதியமே ஆதிரை துவண்டு போனாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம். அந்தச் சின்னப் புறங்கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடினாள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. வலிக்கிறது என்று வாய் மட்டும் கோணியது. நான் செத்துப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் ஜமீலா கேட்ட முதல் கேள்வி, "பாட்டில் பாலா? யாரு கழுவுறது?"

"நாந்தான் டாக்டர்," என்று அத்தை முன்னால் வந்தார். "சுத்தம் பண்ணாம ஒரு மட்டம்கூட குடுத்ததில்ல."

பாட்டிலை ஒரு பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் நிப்பிளைக் கையில் எடுத்து, உள்ளே பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினார். அத்தையும் உள்ளே பார்த்தார். இத்தனை நாளில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

நான் அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஐயோ என்று ஒரு சொல் வராதா?

"ஐயய்ய," என்றார் அத்தை. "எச்சிலக் கையால தொடுதியளே டாக்டர். மொதல்ல கைய நனைச்சிருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது, பாட்டிலே வேண்டாம், பாலாடையிலோ சின்ன கரண்டியிலோ கொடுங்கள், அதையும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "அம்மா வேணும்னா செஞ்சாங்க?" என்று என் கணவர் ஆட்டோவில் முணுமுணுத்தார். வேண்டுமென்று செய்திருந்தால் போலீசுக்காவது போயிருக்கலாம் என்றேன்.

நாங்கள் வீடு திரும்பியதற்கு மறுநாள் திருவாதிரை. என் மகளின் நட்சத்திரம். சாமிக்குக் களி கிண்டுகிற வெண்கல உருளியைத் தேய்த்து அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்தார் அத்தை. அந்த வீட்டில் அதைவிட ஆசாரமான பாத்திரம் கிடையாது. வேறு பாத்திரம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அதைத்தான் எடுத்தேன். அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றி, ஆதிரை குடித்த பாலாடையையும் கரண்டியையும் உள்ளே போட்டுக் கொதிக்க விட்டேன். வன்மத்தோடுதான் செய்தேன். அந்த அம்மாளின் வயிறு எரியட்டும் என்றுதான் செய்தேன்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, அது சாமிக்கு களி கிண்டுத உருளி."

"தெரியும் அத்தை."

"எச்சில் பட்டுட்டே."

"ஆமா. பட்டுட்டு."

சத்தம் போடுவார், தன் மகள் வீட்டுக்குப் பெட்டியைக் கட்டுவார் என்று காத்திருந்தேன். சண்டைக்கு நாக்கு துடித்தது. அவரோ, நான் பாலாடையை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரைக் கொட்டும் வரை நின்றார். பிறகு உருளியை வாங்கிக் கீழே வைத்தார். செம்பிலிருந்து கையில் அள்ளினார். ஒன்று, சிவசிவ. இரண்டு, சிவசிவ. மூன்று.

"சுத்தம் பண்ணியாச்சு," என்று சொல்லி உருளியை அடுப்பில் ஏற்றி, களிக்கு வெல்லத் தண்ணீரை ஊற்றினார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பருகே போனேன்.

"இவ்வளவுதானா அத்தை? எச்சில் பட்ட உருளிக்கு மூணு கைத் தண்ணி போதுமா?"

"பின்ன? வெண்கலத்துக்கு அது போதும்."

"அப்ப மொத நாளே அந்தப் பாட்டில இதுல போட்டுக் கொதிக்க வச்சிருக்கலாமே? பொறவு தண்ணியத் தெளிச்சிருக்கலாமே?"

அத்தை கரண்டியால் வெல்லத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "தெளிச்சிருக்கலாந்தான். நீ கேக்கவே இல்லையே."

பூசை முடிந்து என் கணவர் வாழையிலைத் துண்டில் களி கொண்டுவந்து கொடுத்தார். "நல்லா வந்திருக்கு, சாப்பிடு" என்றார். மடியில் ஆதிரை கிடந்தாள். புறங்கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தேன். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புறவாசலுக்கு ஓடித் துப்பினேன்.

அடுக்களைக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஏட்டி வேணி, துப்புன எடத்துல மூணு கை தண்ணி தெளிச்சிட்டு வா."