அங்கீகாரத்துக்கு முந்தியவள்

“உள்ள போய் நல்லதா நாலு வார்த்த சொல்லு, போதும்” என்று டாக்டர் ஹதீல் தன் பழைய மாணவி பயானின் தலைத்துணியைச் சரிசெய்து விட்டார். இர்பித் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்மருத்துவப் பொறியியல் துறைக்குத் தலைவி அவர். பட்டப்படிப்புக்குத் தர அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. பழைய மாணவர்களிடம் அவர்கள் பேசும்போது ஆசிரியர்கள் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. ஹதீல் வாசலோடு நின்றுகொண்டார்.

பயானுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. அங்கீகாரம் கிடைத்தால் இந்தக் கல்வியாண்டிலிருந்து பட்டம் வாங்குகிறவர்களுக்குத்தான் செல்லும். வளைகுடாவில் வேலை தேடுகிறவர்களுக்கு அந்த முத்திரை இருந்தால் கதவு சட்டென்று திறக்கும். துறையிலேயே முதலாவதாக வந்து எப்போதோ முடித்துப் போன பயானுக்கு அது கிடையாது. மின்சுற்றுப் பாடத்தில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டு இன்னும் படித்துக்கொண்டிருக்கிற உயிர்த்தோழி ரனீமுக்கு உண்டு.

“ஃபெயிலானப்போ என்னா அழுக அழுதேன்! இப்பப் பாத்தியா? நீ ஓவரா படிச்சிட்டடி” என்று ரனீம் காலையில்தான் வாரியிருந்தாள். பயானும் கூடவே சிரித்து வைத்தாள்.

உள்ளே நரைத்த தலையோடு ஒரு பெண்மணி தாளைப் பார்த்துக் கேட்டார். “படிச்சு முடிச்ச சில வருஷத்துல டாக்டர், நர்ஸோட சேர்ந்து தைரியமா வேலை செய்வாங்கன்னு உங்க துறை இலக்கு எழுதியிருக்கு. உங்களுக்கு அது நடந்துச்சா?”

மற்றவர்கள் எல்லாரும் நடந்தது என்றார்கள். பயானும் அதைத்தான் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

“இல்ல.”

உண்மைக்காகச் சொன்னாளா, பொறாமையில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். பரிசாக வாங்கிக் குவித்த அதே கை, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரத்தம் பட்ட மருந்தேற்றும் பம்பைத் தொட மாட்டேன் என்றது. வார்டில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று சாயந்திரமே ஹதீலுக்குப் போன் போட்டுக் கத்தினாள். “எல்லாம் சொல்லிக்குடுத்தீங்க, ஆஸ்பத்திரிய மட்டும் கண்ணுல காட்டலயே!”

பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். “அவங்க என்ன சொன்னாங்க?”

“முழுசாக் கேட்டுக்கிட்டாங்க. அடுத்த வருஷம் பாடத்திட்டத்துல ஒரு பருவம் முழுக்க ஆஸ்பத்திரின்னு சேத்துட்டாங்க. எனக்கு அது கிடைக்கல. என் சிநேகிதிக்குக் கிடைச்சுது. என் வார்டுக்கே வந்தா. ரத்தத்தத் தொடச்சுப் போட்டுட்டு அதே மேஜைல சாண்ட்விச் தின்னா, கழுத.”

அறையில் சிரிப்பு கிளம்பியது. பெண்மணி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே ஹதீலின் முகம் வெளுத்திருந்தது.

“ஆஸ்பத்திரிப் பயிற்சி சேத்ததப் பத்தின காகிதமெல்லாம் எனக்கு வேணும். படிச்சவங்க சொன்ன குறைய யாராவது காதுல வாங்கினாங்களான்னு காலையிலேருந்து தேடிக்கிட்டிருக்கேன். இத ஏன் முன்னாடி வைக்கல?”

“நம்ம குறைய நாமே எடுத்து வைப்போமான்னு...” என்று ஹதீல் இழுத்தார்.

முடிவு கோடையில்தான் வரும் என்று சொல்லிவிட்டு, பகல் உணவுக்குப் பிறகு குழு வண்டியேறியது. சாப்பாட்டு அறையில் ஆட்டுக்கறியும் சோறுமான மன்சஃப் தாம்பாளம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. விருந்தாளிகள் பக்கமாக வைத்திருந்த நல்ல கறியை யாரும் தொட்டிருக்கவில்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்த ஹதீல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ரனீமும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“உனக்கு இதுல ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும்மா” என்றார் ஹதீல், பயானிடம். “தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு.”

பயான் தோளைக் குலுக்கினாள். காலையில் இருந்த எரிச்சலை இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. அகோரப் பசிதான் இருந்தது.

மூவரும் ஊர் வழக்கப்படி இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நின்றபடியே சோற்றை உருட்டினார்கள். ரனீமின் விரல்கள் அந்தக் கறிப்பக்கம் நகர்ந்தன. ஹதீல் அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விருந்தாளியின் பங்கை எலும்போடு பிய்த்து, புளித்த பால்குழம்பு சொட்டச் சொட்ட, பயானுக்கு முன்னால் வைத்தார்.