மலர்கொடி வாங்காத பங்கு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் பொறாமைதான். வடலூர் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை செல்போனில் வரி விடாமல் படித்துக்கொண்டு வந்தாள். என் புத்தகம் எதையும் யாரும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு மலர்கொடி என்று பெயர் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும், அவளைப் பொறுக்கமுடியாத ஒருத்தியை உண்டாக்கினேன்: விஜயலட்சுமி.

2

முதலில் எழுதிய தொடக்கம்: நெய்வேலியில் அன்று வெயில்

(வேண்டாம். எல்லோரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள்.)

விஜயலட்சுமியின் கணவர் துரைராஜ் மைன்ஸில் பர்மனென்ட். மார்ச்சில் ஓய்வு; குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வீடு கட்டச் சேர்த்த பணம் இவள் பெயரில் இருக்கிறது. மலர்கொடி அவளுக்கு ரவிக்கை தைப்பவள். கணவன் கான்ட்ராக்ட், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. இருவரும் ஒரே மியூச்சுவல் ஃபண்டில் ஒரே மாதத்தில் தவணை கட்டத் தொடங்கியவர்கள். ஐந்து வருடத்தில் மலர்கொடியின் பணம் கூடுதலாக வளர்ந்திருந்தது.

"எப்படிடி?"

"நீங்க ஏஜென்ட் மூலமா போட்டீங்கக்கா. வருஷா வருஷம் கமிஷன் போய்கினே இருக்கும். நான் நேரா போட்டேன். அவ்ளோதான்."

ஏஜென்ட் சிவசங்கர், துரைராஜுடன் ஒரே ஷிப்ட். பிளாக்கில் எல்லோரும் அவரிடம்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எதிர் குவார்ட்டர்ஸிலேயே இருப்பவரை எப்படி விடுவது?

"தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கிறாருடி."

"அது உங்க காசுல வாங்கினதுதாங்கக்கா."

மலர்கொடி சிரித்தாள். விஜயலட்சுமியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். மிஞ்சியது ஒரு வரி: அளவெடுக்க வந்தவள் தன்னையே அளந்துவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது.

3

மலர்கொடி இவ்வளவு நல்லவளா? கொஞ்சம் கர்வம் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்.

அன்று அவள் ஒரு பம்ப் கம்பெனியைப் பற்றிச் சொன்னாள். "லாபம் நல்லா ஏறிக்கினு வருதுக்கா. பாதிதான் படிச்சிருக்கேன். முழுசா படிக்காம கை வெக்க மாட்டேன்."

அவளுக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும். விஜயலட்சுமி நினைத்தது அது ஒன்றுதான். மகள் எப்போதோ திறந்து கொடுத்திருந்த பங்குக் கணக்கில், துரைராஜ் ஷிப்டுக்குப் போன பிறகு, வீடு கட்டும் பணத்தில் பாதியைப் போட்டு அந்தப் பங்கை வாங்கினாள்.

(செலவைக் குறைக்கும் பாடத்தை அவள் ஒழுங்காகவே கற்றிருந்தாள். சிவசங்கருக்கு ஒரு பைசா போகவில்லை.)

4

இரண்டு வாரம் கழித்து மலர்கொடி ரவிக்கையோடு வந்தாள். அதற்குள் விலை கால்வாசி இறங்கியிருந்தது.

"அந்த பம்ப்பு கம்பெனி வேணாம்க்கா. லாபம்னு எழுதிக் காட்றான், வித்த சரக்குக்குப் பணமே வரல. கடன் வாங்கி ஓட்டிக்கினு இருக்கான். நல்லவேளை, நீங்க ஒண்ணும் வாங்கலியே?"

ஒரு முடிவில் விஜயலட்சுமி உண்மையைச் சொல்கிறாள். இருவரும் உட்கார்ந்து, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இன்னொன்றில், "எனக்கு எதுக்குடி அதெல்லாம்" என்கிறாள். பங்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. மூன்றாவதில் விலை திடீரென்று ஏறி, மலர்கொடி முகம் தொங்கிப்போகிறது. அதை நான்கு முறை எழுதினேன், ஆசை ஆசையாக. பிறகு கிழித்துவிட்டேன். அது விஜயலட்சுமியின் ஆசைகூட இல்லை.

வாசலில் துரைராஜ் வண்டியை நிறுத்துகிறார். மலர்கொடி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பொறாமைப்பட்ட ஆளை ஒரு நிமிடம் எதிரில் நிறுத்திக்கொண்டு, இந்த வரியை முடித்துக் கொடுங்கள். எனக்கு இதற்குமேல் வரவில்லை.

"மலரு, நான்