மூக்கில் எடை

பாளையங்கோட்டை வான்படை செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, பசை காய்ந்ததும், அமலுக்கு வந்தது. எட்டு மணிக்கு ஆவுடையப்பன் வீட்டு வாசலில் அதிகாரி வந்து நின்றார். சீருடை, தொப்பி, கையில் கிளிப் வைத்த அட்டை. சீருடையில் இஸ்திரி கலையவில்லை. படை பிறந்தே அரைமணி நேரம்தானே ஆகியிருந்தது.

ஆவுடையப்பன் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார்.

"விங் கமாண்டர் பட்டுராஜன்," என்றார் வந்தவர். "நம்ம விமானம் குண்டி குத்தி உக்காந்திருக்கு வே. வந்து பாரும்."

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. புறவழிச்சாலையில் லாரி எடைமேடையில் வேலை. ஊருக்குள் வரும் ஜல்லி, செங்கல், வாழைத்தார் எல்லாவற்றுக்கும் எடை சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனிதர். அந்த அலுப்போடு வீட்டுக்கு வந்தால், பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பொம்மை விமானத்தை எடுத்து ஒட்டுவார். எந்த நாட்டு விமானம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதை அவர் சட்டை செய்வதில்லை. பாளையங்கோட்டைக்கென்று ஒரு வான்படை இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அவருடைய கவலை. ஊரில் ஒருத்தருக்கும் இல்லாத கவலை.

இந்த விமானத்துக்குச் சின்னம் போட ஒரு மாதம் யோசித்தார். கடைசியில் வெட்டிய நுங்கு என்று முடிவானது. கறுப்பு வட்டம், உள்ளே வெள்ளை, நடுவில் மூன்று கண். அதைத் தாளில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு இறக்கையிலும் வழுக்கி ஒட்டினார். பார்க்க நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அவருக்குப் பத்தொன்பது வயதில் வேறொரு வான்படை, நிஜமானது, மைதானத்தில் ஆள் எடுத்தது. ஓடினார், குதித்தார், கணக்கு எழுதினார். தராசில் ஏறினார். ஒரு சீட்டைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். 'எடை போதாது. இரண்டு கிலோ குறைவு.' அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, யாராவது ஒருத்தர், 'சேர்ந்துட்டீரு' என்று சொல்லிவிட்டால் போதும் என்று அவருக்கு இருந்தது. முப்பத்து மூன்று வருடமாக அது மட்டும்தான் இருந்தது.

"ஏங்க, யாரு வந்திருக்கா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி பேராச்சி கேட்டாள்.

"வான்படை," என்றார்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வரச் சொல்லுங்க."

விங் கமாண்டர் பூட்ஸைக் கழற்றினார்.

வாசலிலிருந்து, விமானத்தை வைத்திருந்த ஷோகேஸுக்கு ஆறடி. அன்றைக்கு அது நடந்து தீரவில்லை. காலண்டரைத் தாண்டினார்கள். பிரிட்ஜைத் தாண்டினார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு நிழற்குடை வந்தது, அதில் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஆவுடையப்பனுக்கு முட்டி வலித்தது.

"இவ்வளவு தூரமா?" என்றார்.

"ஓடுதளம்னா நீளமாத்தான் இருக்கும்," என்றார் விங் கமாண்டர்.

விமானம் மினிபஸ் அளவுக்கு நின்றது. நின்றது என்றா சொல்வது? வால் தரையில் குத்தியிருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. முன்சக்கரம் ஆளுயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. இடது இறக்கையில், பசையில் பதிந்துபோன ஆவுடையப்பனின் கட்டைவிரல் ரேகை, கோரைப்பாய் அகலத்துக்குக் கிடந்தது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த மாதிரி விமானத்துக்குப் பின்பாரம் அதிகம். இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்னாலேயே மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். அதற்கென்று தூண்டில் கடையில் ஈயக்குண்டு வாங்கி, மாத்திரை டப்பாவில் போட்டு, பத்திரமாக எடுத்துவைத்து, அடக் கடவுளே, வைக்காமலே ஒட்டிவிட்டார்.

"பெட்டியில எழுதியிருந்துச்சா இல்லையா?" என்றார் விங் கமாண்டர்.

"எழுதியிருந்துச்சு."

"எடை போடுத மனுசன் தானவே நீரு?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

மேலே விமானி இருந்தான். அவனுக்கு முகம் கிடையாது. அந்த அளவுக்கு மெல்லிய பிரஷ் ஆவுடையப்பனிடம் இல்லை. "சார், வெறும் வானமாத் தெரியுது," என்று அவன் முகமில்லாமல் சொன்னான். "தரையைப் பாத்தே ரொம்ப நேரமாச்சு."

"அந்த ஈயக்குண்டை இப்பக் கொண்டுவாரேன்," என்றார் ஆவுடையப்பன்.

"அதைக் கப்பற்படை வாங்கிட்டுப் போயிட்டு."

"நமக்குக் கப்பற்படை இருக்கா?"

"ஈயக்குண்டு மட்டும்தான் இருக்கு."

விங் கமாண்டர் அட்டையைப் பார்த்துப் படித்தார். பதினொரு மணிக்குள் மூன்று சக்கரமும் தரையில் பட வேண்டும். படாவிட்டால் படை கலைக்கப்படும். நுங்குச் சின்னங்களைத் திரும்பத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்கள். ஒட்டியதைப் பிரிக்க விதியில் இடமில்லை. மூக்குக்குள் போக விமானியின் காலடியில் ஒரு சந்து இருக்கிறது. அதில் ஆள்தான் போக முடியும்.

"ஆள் எடுக்கோம்," என்றார். "பதவி, மூக்கு எடை. பறந்த அனுபவம் தேவையில்லை. சேருதீரா?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து நின்றார். "சேருதேன்," என்றார்.

"எடை இருந்தாத்தான் சேத்துக்கிடுவோம்."

ஏணி வந்தது. ஏறினார். விமானியின் காலுக்கடியில் குனிந்து, தவழ்ந்து, மூக்குக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளே பசை வாடை. இரண்டு பாதி சேருமிடத்தில் அவர் பட்டி பூசாமல் விட்ட இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தது. விமானம் முனகியது. மூக்கு மெல்ல இறங்கியது. இறங்கி, இறங்கி, நின்றது.

"பட்டுட்டா?" என்று கத்தினார்.

விங் கமாண்டர் குனிந்து சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். கை போனது.

"நாலு விரக்கடை நிக்கி," என்றார். "ரெண்டு கிலோ குறையுது வே."

ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கனமாக்கிப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. போதும் என்று வந்துவிட்டது. மூக்குக்குள் அப்படியே சாய்ந்துகொண்டார். மணி பத்து ஐம்பது. வெளியே வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது, சின்னத்தை உரிக்க.

அந்த நேரம் ஓடுதளத்தில் பேராச்சி வந்துகொண்டிருந்தாள். கையில் மூன்றடுக்குக் கேரியர். எடைமேடைக்குப் போகிற மனிதர் சாப்பாட்டை மறந்துவிட்டாரே என்று பிரிட்ஜையும் நிழற்குடையையும் தாண்டி நடந்தே வந்திருந்தாள். வியர்த்து வழிந்தது.

"அவுக எங்க?"

விங் கமாண்டர் மூக்கைக் காட்டினார். விவரத்தைச் சொன்னார். பேராச்சி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"ரெண்டு கிலோ குறையுதா? இருபத்தேழு வருசமா ஆக்கிப் போடுதேன். யாரைப் பாத்து என்ன சொல்லுதிய?"

"நான் சொல்லலம்மா. சக்கரம் சொல்லுது."

பேராச்சி விமானத்தைச் சுற்றிவந்தாள். இறக்கையில் கட்டைவிரல் ரேகையைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் தேக்சா, டிவி, சுவர் எல்லாவற்றிலும் அதைத் துடைத்தவள் அவள்தான்.

"இது பறக்குமா?" என்று கேட்டாள்.

விங் கமாண்டர் அட்டையைக் கீழே இறக்கினார். "பறக்குததுக்கு எதுக்கும்மா மூக்குல எடை? இது நிக்கணும். அவ்வளவுதான்."

மூக்குக்குள் ஆவுடையப்பனுக்கு அது கேட்டது.

"எம்புட்டு நேரம்?" என்று பேராச்சி கேட்டாள்.

"படை இருக்கிற வரைக்கும்."

"பறக்காதுன்னா சரி," என்றாள் பேராச்சி. "எனக்குத் தலை சுத்தும்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். விமானியைக் காலை ஒதுக்கச் சொன்னாள். கேரியரை முன்னால் தள்ளிவிட்டுத் தவழ்ந்து வந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

"நீ எதுக்கு வந்த?" என்றார் ஆவுடையப்பன்.

"வீட்ல போய் யாருக்கு ஆக்க?"

அவர் தள்ளி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே ரப்பர் தரையில் பட்டு நசுங்கும் சத்தம் வந்தது.

"சார், தரை தெரியுது," என்றான் விமானி.

விங் கமாண்டர் அட்டையில் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். "எடை போதும். சேர்ந்துட்டீரு."

"இன்னொரு தரம் சொல்லும்," என்றார் ஆவுடையப்பன்.

"எடை போதும், சேர்ந்துட்டீரு வே."

ஆவுடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பேராச்சி தடுக்கவில்லை. அழுதால் எடை குறையுமா என்று மட்டும் வெளியே கேட்டாள். குறையாது, உள்ளேயேதானே விழுகிறது என்று பதில் வந்தது.

விங் கமாண்டர் வாளித் தண்ணீரைக் கொட்டினார். பிரஷ்ஷால் இறக்கையில் தூசி தட்டினார். ஷோகேஸின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வாசலில் கிடந்த பூட்ஸை மாட்டப் போனார். அது ரொம்ப தூரம்.

பேராச்சி கேரியரைத் திறந்தாள். சொதி இன்னும் சூடாக இருந்தது.